கீறாமல் விட்ட இரண்டு குழாய்கள்

புனே பக்கத்துப் போசரியில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் ரப்பர் குழாய் செய்கிறார்கள். வண்டி இன்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாய். அதைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது என் வேலை. இரண்டு முனையையும் அடைத்து, ஒரு அடைப்பின் வழியாகக் காற்றை ஏற்றி, தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் முப்பது எண்ண வேண்டும். குமிழ் வரவில்லை என்றால் வெள்ளைச் சாக்பீஸில் ஒரு டிக். ஒரே ஒரு குமிழ் வந்தாலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பதினாறு வருஷமாக இதுதான். சாம்பார் கொதிக்கும்போதுகூட நான் குமிழ் எண்ணுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். பண்ணட்டும். பதினாறு வருஷத்தில் என் கையால் போன குழாய் ஒன்றும் புகார் என்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

குமிழ் வந்தது சிவப்புக் கூடைக்குப் போகும். கசிவு இல்லை, ஆனால் மேலே பிசிறு, தழும்பு, பார்வைக்கு அழகில்லை என்றால் மஞ்சள் கூடைக்கு. மஞ்சளில் கிடப்பதைப் பிறகு பிளேடால் சீவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, நல்லதோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிடலாம். ஏற்கெனவே முக்கிப் பார்த்ததுதானே, மறுபடியும் முக்க வேண்டியதில்லை. சிவப்பில் கிடப்பதைத்தான் கத்தியால் நீளக் கீறிவிட வேண்டும். கீறிவிட்டால் யார் எடுத்தாலும் அது உதவாது. கண்டவுடன் கீறு என்பது சட்டம். நான் செய்வது சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாகக் கீறுவது. அன்றன்றைக்கு எத்தனை கசிந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருப்பேன், கீறும்போது அதோடு சரி பார்ப்பேன். இதுவரைக்கும் ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

நாங்கள் இருப்பது தாபோடியில். கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தேழு வருஷம். என் வீட்டுக்காரர் ராணுவக் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மேல்மாடி மராத்திக்காரருக்கும் அங்கேதான் வேலை. இவர் அவரை 'பாவு' என்பார், அண்ணன் என்கிற மாதிரி. பாவுவின் மனைவியை நான் 'வஹினி' என்பேன், அண்ணி. அவர்கள் இரண்டு பேருக்கும் நான் 'தாயீ', அக்கா. இரண்டு ஆண்களும் ஒரே ஏலத்தில் ஆளுக்கொரு பழைய ஜீப் எடுத்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரையும் கட்டிடத்துக்குக் கீழே ஜீப்புக்கு அடியில்தான் தேட வேண்டும். கால் மட்டும் வெளியே தெரியும். எந்தக் கால் யாருடையது என்று நானும் வஹினியும் பால்கனியிலிருந்து பந்தயம் கட்டுவோம்.

வஹினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது எட்டு நாள் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தது அவர்தான். என் கூடப்பிறந்தவள் கோயமுத்தூரிலிருந்து போனில் அழுதுகொண்டிருந்தாள். வஹினி பெட்பேன் எடுத்தார். எனக்கு மராத்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாக வராது, இரண்டு பேரும் இந்தியைக் கொலை பண்ணித்தான் பேசிக்கொள்வோம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

வஹினியின் குலதெய்வம் முள்ஷி தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம், ஒரு ஓடையைக் கடந்தால் இருக்கிறது. ஆஷாட மாசத்தில் போய் அம்மனுக்குத் தேங்காய், அரிசி, ரவிக்கைத்துணி வைத்து மடி நிரப்பிவிட்டு வருவது அவர்கள் வீட்டு வழக்கம். மழைக்காலத்தில் அங்கே இருக்கிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும். முன்னெல்லாம் சுற்றுவழியாக மலையேறி நடந்துவிடுவார். இந்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "இந்தத் தடவை ஜீப்பில் தண்ணீரைக் கடந்து போகிறோம்" என்று பாவு அறிவித்துவிட்டார். எங்களையும் கூப்பிட்டார்கள்.

தண்ணீரில் ஜீப் இறங்கினால் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து இன்ஜின் மூச்சு விடுகிற இடத்தில். காற்றோடு ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனால் போதும். காற்றை இன்ஜின் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கிற கம்பி வளைந்து இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். ஓடுகிற தண்ணீரின் நடுவில் நின்றுபோன வண்டியைத் தண்ணீர் சும்மா விடாது. அதனால் மூச்சுவிடுகிற வாயைக் கூரைக்கு மேலே தூக்கி வைக்கிறார்கள். கண்ணாடி ஓரமாக ஒரு பைப் ஏறிப் போகும், என் வீட்டுக்காரர் அதைத் 'தும்பிக்கை' என்பார். தும்பிக்கை எவ்வளவு உயரம் இருந்தாலும், பானெட்டுக்குள்ளே அதையும் ஏர் ஃபில்டர் டப்பாவையும் சேர்க்கிற இடத்தில், முழங்கை மாதிரி வளைந்த ஒரு ரப்பர் குழாய் வேண்டும். அதில் ஓட்டை இருந்தால் மேலே இருக்கிற தும்பிக்கை வெறும் அலங்காரம். பானெட்டுக்குள் ஏறுகிற தண்ணீரை இன்ஜின் அந்த ஓட்டை வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த முழங்கைக் குழாய்தான் எங்கள் கம்பெனியில் செய்வது.

"உன்ற கம்பெனியில மஞ்சக் கூடையில கெடக்குமல்லோ, ரெண்டு கேட்டு வாங்கிட்டு வா புள்ள. நமக்கொண்ணு, பாவுக்கொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

அழகில்லாத பீஸை வேலையாட்கள் கேட்டால் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் தலையாட்டினால் கேட்டில் ஒரு சீட்டு, அவ்வளவுதான். நான் கேட்ட அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? மறுநாள் ஆடிட். குழாய் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து கிடங்கு, மேஜை, கூடை எல்லாவற்றையும் துருவுவார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் எங்கள் இடத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை வீட்டார் வருகிற வீடு தோற்றது. வேண்டாததை எல்லாம் பின்பக்கத்துக் கொட்டகைக்குத் தள்ளு, கூடைகளைக் கழுவு, பெயின்ட் அடி, சுவரில் புது அட்டை ஒட்டு. சிவப்பில் கிடந்தது, மஞ்சளில் கிடந்தது எல்லாவற்றையும் கொட்டகைத் தரையில் இரண்டு குவியலாகக் கொட்டிவிட்டு, கூடைகளைக் கழுவ எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு பெண்கள் உட்கார்ந்து மஞ்சள் குவியலைச் சீவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அவசரத்தில் இருந்தார்கள். சூப்பர்வைசர் ஓடுகிற ஓட்டத்திலேயே, "எடுத்துக்கோங்க மேடம், எடுத்துக்கோங்க, கொட்டகை காலியானா சரி" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டார். துடைத்து அடுக்கி வைத்திருந்ததிலிருந்து இரண்டை எடுத்துப் பையில் போட்டேன். துடைத்த குழாயில் சாக்பீஸ் குறி இருக்காது. டிக்கும் இருக்காது, பெருக்கலும் இருக்காது. தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

ஊரார் வண்டிக்கெல்லாம் முக்கிப் பார்க்கிறவள், தன் வீட்டு வண்டிக்கு முக்கிப் பார்க்கவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முக்கிப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாக்காம கொண்டாருவனாக்கும்?" என்றேன். சுள்ளென்று வந்தது. என்னைப் பார்த்து இவர் இந்தக் கேள்வி கேட்கலாமா என்கிற கோபத்தில் வாயில் வந்த பதில். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியிலும் மாட்டினார்கள். கிளாம்ப்பை இறுக்கி, மேலே டேப் சுற்றி, கிரீஸ் தடவி, ஒரே அமர்க்களம். "தாயீ பாஸ் பண்ணின பீஸ், இனி கடலிலேயே இறங்கலாம்" என்று பாவு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். நானும் சிரித்தேன், கர்வமாகத்தான் இருந்தது.

ஆடிட் நடந்த சனிக்கிழமை கீற நேரமில்லை. அடுத்த சனிக்கிழமைதான் கொட்டகையில் கிடந்த கசிவுக் குவியலைக் கீற உட்கார்ந்தேன். ஆடிட்டுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த வாரத் தாளில் மொத்தம் ஏழு கோடு. கீற எடுத்தால் ஐந்துதான் இருந்தது. குவியலைக் கலைத்துத் தேடினேன். மூலையில், பலகைக்கு அடியில், சாக்குக்குப் பின்னால் தேடினேன். ஐந்துதான்.

இரண்டு குறைகிறது. நான் எடுத்து வந்ததும் இரண்டு.

அந்த இரண்டு குவியலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது. கால் பட்டு இரண்டு உருண்டு இந்தப் பக்கம் வந்திருக்கும். வந்ததைத் துடைத்து அடுக்கியிருப்பார்கள். அடுக்கினதை நான் கொண்டுபோயிருக்கிறேன். அந்த நிமிஷமே நான் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாளில் இருந்த கோட்டில் இரண்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். அது தெரியாமல் நடந்தது இல்லை, தெரிந்தே செய்தது.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? முக்கிப் பார்த்தேன் என்று சொன்னேனே, பார்க்கவில்லை என்றா? பாவு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அவரிடம் யார் போய்ச் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் குமிழ். வேலையில் ஒவ்வொரு குழாயையும் முப்பதுக்குப் பதிலாக அறுபது எண்ணினேன். பக்கத்து மேஜைக்காரி, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று தோளைத் தட்டினாள்.

ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டு நானே கழற்றிப் பார்ப்பது என்று கீழே இறங்கினேன். எங்கள் ஜீப்பின் பானெட்டைத் தூக்கிவிட்டேன். கிளாம்ப்பைத் திருப்ப ஸ்க்ரூ டிரைவர் கிடைக்காமல் சப்பாத்திக் கரண்டியின் முனையை வைத்து மல்லுக்கட்டினேன். அது வளைந்ததுதான் மிச்சம். அந்த மனுஷன் இறுக்கினது அப்படி. மேலே பால்கனியிலிருந்து வஹினி, "தாயீ, என்ன தேடுகிறாய்?" என்று கேட்டார்.

"எலி நுழைந்த மாதிரி இருந்தது" என்றேன். பொய்க்கு மேல் பொய்.

போகிற நாளைத் தள்ளிப்போடப் பார்த்தேன். மழை பலமாக இருக்கிறது என்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். "நீ படுத்துக்கோ, நாங்க போயிட்டு வாரோம்" என்றார் என் வீட்டுக்காரர். அதைக் கேட்டதும் இன்னும் பயம் வந்துவிட்டது. நான் இல்லாமல் இவர்கள் தண்ணீரில் இறங்கினால் தடுக்கவும் ஆள் கிடையாது. "உடம்பு பரவால்லீங்க, நானும் வாரேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஞாயிறு காலையில் கிளம்பினோம். முன்னால் பாவுவும் வஹினியும், பின்னால் நாங்கள். மழை விட்டு விட்டுத் தூறியது. வஹினி பச்சைப் பட்டு கட்டி, மடியில் தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பௌட் தாண்டி டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கேயே சொல்லிவிடுவது என்று கீழே இறங்கினேன். வஹினி என் கையில் ஒரு வடாபாவைத் திணித்து, "சாப்பிடு, முகம் வெளுத்திருக்கிறது" என்றார். அந்த வடாபாவோடு சொல்ல வந்ததையும் மென்று முழுங்கினேன்.

வண்டி மறுபடியும் கிளம்பியதும், "ஏனுங்க, ஓடையில தண்ணி நெறையா இருந்தா திரும்பிரலாமுங்க" என்றேன்.

"என்ன புள்ள உனக்கு இத்தன வெசனம்? தும்பிக்கை எதுக்கு வச்சிருக்கறோம்?"

"அதுக்கில்லீங்க..."

"பின்ன எதுக்கு?"

கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓடை வந்தது. தரைப்பாலம் கண்ணுக்கே தெரியவில்லை, இரண்டு பக்கமும் நட்டிருந்த கற்கள்தான் தெரிந்தன. செம்மண் கரைந்து தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. அந்தக் கரையில் நின்ற ஒரு விவசாயி கையைத் தொடையில் வைத்து ஆழத்தைக் காட்டினார், டிராக்டர் போகிறது, வரலாம் என்று சைகை செய்தார். தொடையளவு என்றால் ஜீப்பின் பானெட்டுக்குள் ஏறும். எனக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சப்பாத்திக் கரண்டியோடு நின்றபோதே அளந்துவிட்டேன்.

பாவு இறங்கித் தண்ணீரைப் பார்த்தார், மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். வஹினி எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது.

நான் கதவைத் திறந்து குதித்தேன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. "ருக்கோ! ருக்கோ!" என்று கத்திக்கொண்டே போய் பாவுவின் ஜீப்புக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் பானெட் மேல் வைத்துக்கொண்டேன். இழுப்பு அப்போதே காலைப் பிடுங்கியது.

பாவு பிரேக்கை மிதித்தார். "காய் ஜாலா தாயீ?" என்று தலையை வெளியே நீட்டினார். என்ன ஆச்சு என்று கேட்டவர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஓடிவந்து, "ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? மானத்த வாங்காத, வெளிய வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"கைய விடுங்க" என்றேன். அவர் கையை உதறிவிட்டு வஹினியைப் பார்த்துத்தான் சொன்னேன். இந்தியில் சொன்னேன், தப்பும் தவறுமாக, அழுதுகொண்டே. அந்தக் குழாயை நான் முக்கிப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். தாளில் ஏழு, கீறக் கிடைத்தது ஐந்து, கசிகிற இரண்டு பீஸ் காணவில்லை. அது உங்கள் வண்டியிலும் எங்கள் வண்டியிலும்தான் இருக்கிறது. மூன்று வாரமாக எனக்குத் தெரியும்.

பாவு சிரிப்பதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். வஹினிதான் முதலில் வாயைத் திறந்தார். "மூன்று வாரம் தெரிந்துகொண்டு, காலையில் என் கையால் வாங்கித் தின்றாயே" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அறைந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

பாவு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கரையில் நிறுத்தி, இரண்டு பானெட்டையும் திறந்து, இரண்டு குழாயையும் கழற்றினார்கள். என் வீட்டுக்காரர் டூல் பையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை எடுத்துப் பட்டையாக வெட்டினார். ஒவ்வொரு முனையிலும் கனமான பாலிதீனை மூடி, டியூபால் இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"இப்பவாச்சும் முக்கிப் பாரு" என்றார்.

ஓரத்தில் தண்ணீர் தேங்கித் தெளிந்திருந்த ஒரு குழியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதலில் வஹினி வண்டிக் குழாய். தண்ணீருக்குள் அமுக்கி, உள்ளே அடைபட்ட காற்று முட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். நான்கு தலையும் அந்தக் குழியின் மேல் குனிந்திருந்தது. முப்பது வந்தது. குமிழ் வரவில்லை. திருப்பிப் போட்டு இன்னொரு முப்பது எண்ணினேன். ஒன்றும் இல்லை. அடுத்தது எங்களுடையது. அறுபது எண்ணினேன். அதிலும் குமிழ் இல்லை.

பாவு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார், அப்புறம் ஓவென்று சிரித்தார். "தாயீ, ஒன்றும் இல்லாததற்கா இத்தனை ராமாயணம்?" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏழுன்னு கோடு போட்டது தப்பா இருக்கும். அஞ்சுதான் கசிஞ்சிருக்கும். தூக்கத்துல போட்டிருப்ப" என்றார். அவர் கோபம் போகவில்லை, ஆனால் குரலில் பயம் போய்விட்டிருந்தது. வஹினிகூட என் தோளில் கை வைத்து, "எழுந்திரு, புடவையெல்லாம் சேறு" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஏழு கோடு தப்பில்லை. அந்த வாரம் ஏழு தடவை சிவப்புச் சாக்பீஸை எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏழாவதற்கு எடுத்தபோது சாக்பீஸ் ஒடிந்து, கீழே விழுந்த துண்டைத் தேடி எடுத்தேன். கசிந்தது ஏழு, கீறினது ஐந்து. இந்த இரண்டும் நல்ல பீஸ்.

அப்படியென்றால் கசிகிற அந்த இரண்டும் துடைத்து அடுக்கினதோடு சேர்ந்து பெட்டிக்குள் போயிருக்கிறது.

"என்ன, ஒன்றும் ஆகவில்லையே, பிறகு ஏன் அழுகிறாய்?" என்றார் வஹினி.

"நமக்கு ஒன்றும் ஆகவில்லை வஹினி" என்றேன். என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. கையில் பிடித்திருந்த கிளாம்ப்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அட கடவுளே" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குழாய்களை மாட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தோம். தண்ணீர் ஹெட்லைட்டை மூடியது, இன்ஜின் ஒரு இருமல்கூட இல்லாமல் அக்கரை ஏறியது. கோயில் மேட்டில்தான் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. உள்ளே வஹினி அம்மனுக்கு மடி நிரப்பிக்கொண்டிருந்தார், நான் வெளியே மழையில் நின்று சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினேன். கோட்டை அடித்து எழுதினது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை எதுக்கு மேடம் இதெல்லாம், நாளைக்கு வந்து பேசுங்க" என்றார் முதலில். பிறகு, "அந்தப் பெட்டிகள் போய் மூணு வாரத்துக்கு மேல ஆச்சே" என்றார்.

திங்கட்கிழமை என்னைத் திட்டினார்கள், விளக்கம் எழுதி வாங்கினார்கள். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மூடி மறைக்கவில்லை. அந்த வாரத்துச் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லி எல்லா இடத்துக்கும் தகவல் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைகளிலிருந்து பிரித்தும் பிரிக்காமலும் வந்தன. அத்தனையையும் நான்தான் முக்கினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. ஒரு குழாயில், மடிப்புக்குக் கீழே, தினையளவு ஒரு குமிழ் கிளம்பி மேலே வந்தது. அதை அங்கேயே, ஈரத்தோடு கீறினேன். இன்னொன்றைத் தேடி மிச்சத்தையும் முக்கி முடித்தேன். எல்லாம் நல்லதாக இருந்தது. திரும்பி வராதவை வண்டிகளில் ஏறிவிட்டன என்றார்கள். எந்த ஊர், எந்த வண்டி என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு வருஷமாகிறது. புகார் ஒன்றும் வரவில்லை. நல்ல சேதி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கேயோ ஒருவர் மனைவி மக்களோடு, தண்ணீர் ஓடுகிற ஒரு பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி யோசிப்பார். கம்பெனியில் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து, வண்டியை முன்னால் விடுவார். அவருக்கு முன்னால் ஓடிப்போய் நிற்க ஆள் இல்லை.